கட்டிலோடு சேர்ந்து போக வேண்டியவை

குட்டியானை லோடு வண்டியின் பின்பக்கம், கழற்றிப் போட்ட கட்டிலுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் கிடைத்த ஒரு முழ இடத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மௌனிகாவுக்கு ஒரே ஒரு கேள்விதான். இது யார் படுத்த கட்டில் என்று, இதை வாங்கிக்கொள்ளப்போகிற வெண்ணிலாக்கா கேட்டால் என்ன சொல்வது? இல்லை, ரெண்டு கேள்வி. கேட்காமலே விட்டுவிட்டால் என்ன செய்வது? ரெண்டாவதுதான் பிடுங்கல். கேட்டால் உண்மை தானாக விழுந்துவிடும், அவள் வாய் அப்படி, பன்னிரண்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததற்கும் அந்த வாய்தான் காரணம். கேட்காவிட்டால் அவளாக ஆரம்பிக்க வேண்டும், அதற்குத் தைரியம் வேண்டும், அது தன்னிடம் மூட்டை மூட்டையாக இருப்பதாகத்தான் இந்தப் பதினேழு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். மடியில் போல்ட்டும் நட்டும் போட்ட துணிப்பை கனத்தது. காலடியில், தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு கறுப்புக் குடை, ஒரு ஜோடி புதுத் தோல் செருப்பு, ஒரு பனையோலை விசிறி. கட்டில் மட்டும் என்றால் அது வெறும் கட்டில். கட்டிலோடு குடையும் செருப்பும் விசிறியும் சேர்ந்து வந்தால் இந்த ஊரில் எந்தப் பொம்பளைக்கும் விளக்கம் வேண்டாம், செத்தவருக்காகக் கொடுக்கிற தானம் அது. குடை போகிற வழி வெயிலுக்கு, செருப்பு முள்ளுக்கு, விசிறி புழுக்கத்துக்கு, கட்டில் போய்ச் சேர்ந்தபின் படுத்துக்கொள்ள. அதனால்தான் மூடி வைத்திருந்தாள். ஆனால் ஆர்.எஸ்.புரத்து ரோட்டில் வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் தார்ப்பாய் ஓரம் தூக்கி, செருப்பின் மூக்கு எட்டிப் பார்த்தது. காலால் உள்ளே தள்ளினாள். தள்ளின பிறகு, ஐயோ, செத்தவருக்கு வாங்கினதைக் காலால் தள்ளிட்டோமே என்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது. செருப்பைப் போய்க் கண்ணில் ஒற்றுவாளா ஒருத்தி?

காலையில் அந்த வீட்டுக்குள் நுழையும்போது அவளுக்கு எதுவும் தெரியாது. வேண்டாத சாமானை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற கிடங்கில் அவளுக்கு வேலை. போன் செய்தவர் பேர் பிரபாவதி, ஒரு தேக்குக் கட்டில் இருக்குதுங்க, வந்து எடுத்துக்கங்க, அவ்வளவுதான் சொல்லியிருந்தார். கட்டில் தருகிறேன் என்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் கட்டில் இருக்காது, முன்னொரு காலத்தில் கட்டிலாக இருந்த ஏதோ ஒன்று இருக்கும். போன வாரம் ஒரு வீட்டில் மூட்டை நிறைய டப்பா மூடி கொடுத்தார்கள். "டப்பா எங்கீங்க?" என்றாள். "டப்பாவ நாங்க வெச்சுக்கிட்டோம்." "அப்ப வெறும் மூடிய வெச்சு அவங்க என்னங்க பண்ணுவாங்க, வறுத்துத் தின்பாங்களா?" கிடங்குக்குத் திரும்புவதற்குள் புகார் வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் இது கட்டில். தலைமாட்டுப் பலகையில் ஒரு முழுத் தாமரை, ஒவ்வொரு இதழிலும் உளி போன வழி விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒரு ஆள் உயரத்துக்குத் தாமரை செய்து, அதன் கீழே தலையை வைத்துத் தூங்குவார்களா மனுஷர்கள்? அவளும் டிரைவர் ஜாபர் அண்ணாவும் அதைச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். அப்போதுதான் சுவர் தெரிந்தது. அதுதான் இப்போது, டி.பி. ரோட்டு நெரிசலில், கண்ணை மூடினாலும் திறந்தாலும் தெரிகிறது. வெளிர்பச்சைச் சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. அழுக்கு என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் எல்லாரும் பிடித்துப் பிடித்துக் கம்பிக்கு வருமே ஒரு மினுமினுப்பு, அந்த மாதிரி. "எந்திரிக்கறப்ப அங்கதான் கைய ஊனுவாரு என்ற அப்பா" என்றார் பிரபாவதி. ஒரு கையை ஒரே இடத்தில் எத்தனை ஆயிரம் தடவை ஊன்றினால் சுண்ணாம்புச் சுவர் அப்படிப் பளபளக்கும்? அவர் போய்த் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். கை பத்தவில்லை, சுற்றிலும் கறுப்பு மிச்சமிருந்தது. தரையில் கட்டில் கால் நின்ற நாலு சதுரத்திலும் மொசைக் நேற்றுப் போட்ட மாதிரி சிவப்பு வெள்ளையாகச் சிரித்தது. மௌனிகாவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. "எப்பங்க?" என்று மட்டும் கேட்டாள். "காரியம் நேத்தோட முடிஞ்சுது கண்ணு. இதுலயேதான், நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். தூக்கத்துல."

அதற்கப்புறம்தான் குடை வந்தது, செருப்பு வந்தது, விசிறி வந்தது, மூன்றையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அந்தம்மா நின்ற நிலை வந்தது. பள்ளிக்கூடத்து டீச்சராம், மூக்குக் கண்ணாடி, நரைத்த பின்னல், கண்டிப்பான முகம், ஆனால் கட்டைவிரல் செருப்பின் வாரைத் தடவிக்கொண்டே இருந்தது. "இதெல்லாம் காரியம் பண்ணி வெக்கறவங்கதானுங்களே எடுத்துட்டுப் போவாங்க?" என்றாள் மௌனிகா. "அவரு வேண்டான்னுட்டாரு. எங்கூட்டுல நடக்கவே எடமில்லீங், அத்தனையும் செத்தவங்க கட்டிலுங்கறாரு. அதுக்கு நான் என்ன பண்றது? அதான் உங்களக் கூப்புட்டேன்." அவர் சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு கண்ணு. வாங்கறவங்க தெரிஞ்சு வாங்கோணும். மறைச்சுத் தள்ளிவுட்டா அது அவருக்குப் போய்ச் சேராது. வெறுங்கால்ல நடந்துட்டிருப்பாரு. சக்கரைக்காரரு அவரு, கால்ல ஒரு சின்னக் கல்லுக் குத்தினாக்கூடப் புண்ணு ஆறாது. புரியுதா?" புரிகிறது என்று தலையை ஆட்டினாள். ஏன் ஆட்டினாள்? கணக்கு வாத்தியார் புரியுதா என்று கேட்டபோதெல்லாம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவள், இங்கே எதுவுமே புரியாமல் ஆட்டிவிட்டாள். அந்தக் கட்டைவிரலுக்கு முன்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. தலையை ஆட்டினால் அது சத்தியம்தானே? வாயால் சொல்லவில்லையே என்று தப்பிக்கலாமா? தப்பிக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆறாத புண்ணோடு நடக்கிறவருக்குத் தெரியும்.

"ஏ மௌனி, இருக்கியா, நீயும் போய்ச் சேர்ந்துட்டியா?" சிக்னலில் நின்றதும் ஜாபர் அண்ணா பின்பக்கக் கண்ணாடியைத் தட்டினார். "இருக்கேன் இருக்கேன், ஓட்டுங்ணா." கட்டிலை ஏற்றும்போதே அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். கேட்டா பெரிய வீட்டுக் கட்டிலுன்னு சொல்லு, கேக்காட்டி வாயத் தெறக்காத, உனக்குப் போயி மௌனிகான்னு பேர் வெச்சிருக்காங்க பாரு, அவங்களச் சொல்லோணும். குடையைக் கிடங்கில் மாட்டிக்கொள்ளலாம், மழைக்காலம் வருது. செருப்பு அவர் அளவுதான் போல. ஒரு காலை அதற்குள் விடவும் போனார். "போடுங்ணா, போடுங்க. நேரா அங்கயே கூட்டிட்டுப் போய் வுட்டுரும்" என்றாள். சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். எங்காளுங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் கெடையாது என்று முணுமுணுத்தார், ஆனால் அதற்கப்புறம் செருப்புப் பக்கம் திரும்பவில்லை. அவர் சொல்வதிலும் தப்பில்லை. கிடங்கு நடத்துகிற ரெஜினாக்கா போட்ட சட்டமும் அதுதான்: யார் கொடுத்தார்கள் என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்லக்கூடாது, யார் வாங்கினார்கள் என்று கொடுத்தவர்களுக்குச் சொல்லக்கூடாது. ஒருத்தர் இன்னொருத்தர் முன்னால் கூனி நிற்கிற மாதிரி ஆகக்கூடாது, பொருள் போகட்டும், பேர் போக வேண்டாம். நல்ல சட்டம்தான். அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சாய்வு நாற்காலி சாட்சி. இப்போது போகிற அதே வெள்ளலூர்க் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு இறக்கினது. இறக்கின ஆள் ஒருத்தன், பெரியவர் இதுல சாஞ்சபடியே போயிட்டாராம் என்று டீ குடிக்கிற நேரத்தில் உளறிவிட்டான். அன்றைக்கே நாற்காலி மாடிப்படித் திருப்பத்துக்கு வந்துவிட்டது. வருஷம் முழுக்க அங்கேயே நின்றது. யாரும் உட்காரவில்லை, யாரும் தூக்கிப் போடவுமில்லை. பிள்ளைகள் அதைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மௌனிகாவும் ஒருதடவை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினாள். கடைசியில் போகிக்குக் கொளுத்திவிட்டார்கள். நல்ல பிரம்பு. எரிகிறபோது மனுஷன் முனகுகிற மாதிரி இருந்ததாம்.

இந்தத் தாமரையை எரிப்பார்களா? அவள் பலகையைப் பார்த்தாள். வெயில் அதன்மேல் விழுந்து மரத்துக்குள்ளிருந்து தேன் நிறம் எழுந்து வந்தது. அவள் வீட்டில் கட்டில் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. அம்மா, அப்பா, தம்பி, அவள், நாலு பாய், காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் வீடு, இரவில் விரித்தால் படுக்கை, ரெண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. பகலெல்லாம் விரித்தபடியே கிடக்கிற ஒரு படுக்கை என்பது அவளுக்குப் பெரிய அதிசயம். யாரும் தூங்காதபோதும் தூக்கத்துக்கென்று ஒரு இடத்தை ஒதுக்கி வைத்திருப்பது, எவ்வளவு திமிர், எவ்வளவு அழகு. ஒன்பதாவது படிக்கும்போது டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள், அதுதான் அவள் படுத்த ஒரே கட்டில். காய்ச்சல் நினைவில்லை, ஊசி நினைவில்லை, முதல் இரவு மட்டும் நினைவிருக்கிறது. கண்ணை மூடினதும் முதுகுக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. பாயில் படுத்தால் கீழே தரை, தரைக்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழே மண், உலகமே முதுகைத் தாங்கும். கட்டிலில் படுத்தால் கீழே காற்று. அந்தக் காற்றில் யார் வேண்டுமானாலும் வந்து படுத்துக்கொள்ளலாம். பயத்தில் விடிய விடிய விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். விடியும்போது ஏதோ ஒரு நேரத்தில் பிடி நழுவி, மிதக்கிற மாதிரி, யாரோ ஏந்திக்கொண்டிருக்கிற மாதிரி. திரும்ப வீட்டுக்கு வந்தபின் ரொம்ப நாள் தரை முதுகை அடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஆஸ்பத்திரிக் கட்டில் கேக்குதா மகாராணிக்கு என்பார் அப்பா.

உக்கடம் தாண்டும்போது குளம் வந்தது. தண்ணீர் முழுக்க வெயில் உடைந்து கிடந்தது, பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இந்த வெயிலில் குடையில்லாமல் ஒருத்தர் நடந்து வருகிறார் என்று திடீரென்று தோன்றியது. வண்டிக்குப் பின்னால்தான். இப்போது திரும்பிப் பார்த்தால் தெரியலாம். அவள் திரும்பவில்லை. செத்தவர்கள் எவ்வளவு வேகமாக நடப்பார்கள்? குட்டியானைக்கு ஈடு கொடுப்பார்களா? தன் குடையும் தன் செருப்பும் இந்த வண்டியில் போகிறதென்று அவருக்குத் தெரியுமா, தெரிந்து அதற்காகத்தான் தார் ரோட்டில் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறாரா, இல்லை, மகள் கொடுத்து அனுப்பிவிட்டாள் என்ற நம்பிக்கையில் எங்கேயோ ஒரு வழியோரம் நின்று காத்திருக்கிறாரா? ச்சே. இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை அவள். நம்பாதவள் ஏன் முதுகைத் திருப்பாமல் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்? நம்புவது வேறு, ஒரு காலைப் பற்றி யோசிப்பது வேறு. அவள் கடவுளைப் பற்றி யோசிக்கவில்லை, சொர்க்கம் நரகம் பற்றி யோசிக்கவில்லை, ஒரு வயசான காலைப் பற்றித்தான் யோசித்தாள், சுவரில் கை வைத்து எழுந்து தரையில் முதலில் வைக்கிற காலை, குதிகால் வெடித்த, சுண்டுவிரல் ஓரம் கறுத்த காலை. அவர் முகம் அவளுக்குத் தெரியாது. பேர் கூடத் தெரியாது. கால் மட்டும் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறதே, அது எப்படி? உலகத்தில் எல்லாருக்கும் ஒரு கால் இருக்கிறது, அதற்காகக் கவலைப்படுகிற ஒரு ஆள் இருக்கிறது, காலுக்குரியவர் செத்தபிறகும் அந்த ஆள் விடாமல் கவலைப்படுகிறது.  இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லித்தராமல் பள்ளிக்கூடத்தில் என்னத்தைச் சொல்லித்தந்தார்கள்?

ஆனால் வெண்ணிலாக்காவும் இருக்கிறாளே. அங்கேதான் நினைப்பு மறுபடியும் மறுபடியும் போய் முட்டியது. போன வாரம் என்னென்ன வேண்டும் என்று பார்க்கப் போனபோது அந்த வீட்டில் ஒரு அடுப்பு, ரெண்டு குடம், கயிற்றில் துணி, அவ்வளவுதான் இருந்தது. கார்ப்பரேஷன்காரர்கள் குளக்கரைக் குடிசையை இடித்துவிட்டு அந்தக் குடியிருப்பில் கொண்டுவந்து விட்டபோது கொண்டுவரத் தோதாக வேறு எதுவும் இல்லையாம். புருஷன் சென்ட்ரிங் வேலை, பாலக்காட்டுப் பக்கம், வாரக் கடைசியில் வருவான். அவளுக்கு எட்டு மாசம். கால் ரெண்டும் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. தரையில படுத்து எந்திரிக்காதம்மா, எப்படியாவது ஒரு கட்டில் பாருன்னு நர்ஸம்மா திட்டுது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "அப்பறம் எப்படிக்கா எந்திரிக்கறீங்க?" என்றாள் மௌனிகா. "இப்படித்தான்" என்று செய்து காட்டினாள். ஜன்னல் கம்பியில் ஒரு பழைய சேலையை முறுக்கிக் கட்டியிருந்தது. ஒருக்களித்துப் படுத்தவள் அதை எட்டிப் பிடித்து, பல்லைக் கடித்து, ரெண்டு கையாலும் தன்னைத்தானே மேலே இழுத்தாள், கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிற மாதிரி, உள்ளே தண்ணீரும் வெளியே கயிறும் எல்லாமே அவளாக. எழுந்து நின்று, "பாத்தியா?" என்று மூச்சு வாங்கினாள். மௌனிகாவுக்குக் கை தட்டத் தோன்றியது. அழவும் தோன்றியது. ஒருத்தருக்குச் சுவர், ஒருத்திக்குச் சேலை. படுத்த இடத்திலிருந்து எழுந்து நிற்பது என்கிற ஒரு காரியத்துக்கே மனுஷர்கள் இவ்வளவு பாடுபடுகிறார்கள். இப்போது கட்டில் வருகிறது என்று அவள் எல்லாரிடமும் சொல்லியிருப்பாள். அவளிடம் போய், அக்கா, இதில் ஒருத்தர் செத்துப்போனார், இதை வாங்கினால் அவர் போகிற வழிச்செலவை நீ வாங்கினதாக அர்த்தம், வயிற்றில் பிள்ளையோடு வாங்கு என்றால்? வாங்கமாட்டாள். யார்தான் வாங்குவார்கள்? சேலையைப் பிடித்துக்கொண்டே பிள்ளை பெறுவாள். சொல்லாவிட்டால் கட்டிலில் படுப்பாள், நிம்மதியாக, தெரியாமல். உயிரோடு இருக்கிறவள் கால் வீங்கிக் கிடக்கும்போது செத்தவர் காலைப் பற்றி என்ன பேச்சு? சரி, சொல்ல வேண்டாம். முடிந்தது. போத்தனூர்ப் பாலத்தில் ஏறும்போது முடிவு செய்தாள். இறங்கும்போது மறுபடியும் செருப்பு எட்டிப் பார்த்தது.

குடியிருப்பில் வண்டி நின்றதும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன. தாமரைப் பலகையைத் தூக்கி நிமிர்த்தினபோது மாடி மாடியாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. "அடியே வெண்ணிலா, உனக்கு அரண்மனையிலிருந்து சீர் வந்திருக்குது, எறங்கி வாடி!" என்று பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு மேலேயிருந்து கத்தினாள். "எறங்கி வந்தா திரும்ப ஏத்தி வுட கிரேன் வேணும்க்கா!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. ரெண்டு மாடி. ஜாபர் அண்ணா ஒரு பக்கம், தங்கப்பொண்ணு ஒரு பக்கம், வழியில் கை கொடுத்தவர்கள் எல்லாம் ஒரு பக்கம். குடையையும் செருப்பையும் விசிறியையும் மௌனிகா வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தாள். காலி அறைக்குள் போனதும் எல்லார் குரலும் ரெண்டு ரெண்டாகக் கேட்டது. மெதுவா என்றால் மெதுவா மெதுவா, புடி என்றால் புடி புடி. சட்டத்தைப் பொருத்தி, போல்ட்டை முறுக்கி, பலகைகளை வரிசையாக அடுக்கினாள். கடைசிப் பலகையும் உட்கார்ந்து, நிமிர்ந்து, "அவ்ளோதாங்க்கா" என்றபோது குரல் ஒன்றாகத்தான் கேட்டது. எதிரொலி போய்விட்டது. கட்டில் அதைக் குடித்துவிட்டது. தங்கப்பொண்ணுவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தி, சுற்றிப் பார்த்து, "வீடாயிருச்சுடி" என்றாள் மெதுவாக. வெண்ணிலாக்கா வந்து விளிம்பில் உட்கார்ந்தாள். எதையும் பிடிக்காமல், சும்மா, எல்லாரும் உட்காருகிற மாதிரி. பிறகு எழுந்து நின்றாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள். இன்னொரு தடவை எழுந்து இன்னொரு தடவை உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். தாமரையைத் தடவினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எவ்வளவு சுலபம். ஜாபர் அண்ணா, வாரியா போலாம் என்று கண்ணைக் காட்டிவிட்டுக் கீழே இறங்கினார். அவளும் இறங்கினாள். முதல் மாடி வந்தது, தாண்டினாள். வண்டிக்கு வந்து தார்ப்பாயை மடிக்கப் போனாள். மடித்தால் அவ்வளவுதான், கிளம்பிவிடலாம். மூன்றும் வெயிலில் கிடந்தன. செருப்பின் அடிப்பக்கம் ஒரு மண் படாமல் வெளுப்பாக இருந்தது, யாருமே நடக்காத செருப்பு. சரியான இம்சை என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு மூன்றையும் வாரிக்கொண்டு படியேறினாள். "ஏய், எங்க போற? பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று ஜாபர் அண்ணா கத்தியது முதல் மாடி வரைக்கும் கூடவே வந்தது. மூச்சு வாங்க வாசலில் நின்று, ஆரம்பம் எதுவும் இல்லாமல், "அக்கா, இதுவும் கட்டிலோட சேந்தது" என்றாள்.

தங்கப்பொண்ணுதான் முதலில் பார்த்தாள். குடை, செருப்பு, விசிறி, மறுபடியும் கட்டில். பார்த்ததும் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். "ஐயோ. எழவுக் கட்டிலா? வயித்துப்புள்ளக்காரிடி அவ! எந்திரி வெண்ணிலா, எந்திரிடி மொதல்ல!" மௌனிகா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பிக்க வராது. "ஆமாங்க்கா. வயசானவரு. இதுல படுத்துத்தான் செத்தாரு. தூக்கத்துல. நேத்துத்தான் காரியம் முடிஞ்சுதாம். வாங்கறவங்க தெரிஞ்சு வாங்குனாத்தான் செருப்பு அவருக்குப் போய்ச் சேருமாம், இல்லாட்டி வெறுங்காலோட நடப்பாராம், சக்கரைக்காரராம். அவங்க மக சொல்லியனுப்பிச்சாங்க. நான் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். வேண்டான்னா சொல்லுங்க, கழட்டி எடுத்துட்டுப் போயிர்றேன்." வெண்ணிலாக்கா எழுந்திருக்கவில்லை. கை மட்டும் தாமரையிலிருந்து இறங்கி வயிற்றுக்கு வந்தது. கீழே யாரோ குடம் உருட்டுகிற சத்தம். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"கட்டில்லயா செத்தாரு?"

"ஆமாங்க்கா."

"ஊட்டுக்குள்ளயே?"

"ம்."

"பக்கத்துல ஆளு இருந்துச்சா?"

"மக பக்கத்து ரூம்ல இருந்தாங்க."

"எங்கம்மா குளக்கரை ரோட்டோரத்துல வுழுந்து கெடந்துச்சு" என்றாள் வெண்ணிலாக்கா. "நான் வேலைக்குப் போயிருந்தேன். ஆட்டோக்காரரு யாரோ வந்து சொல்லித்தான் தெரியும். மூஞ்சிக்கு மேல ஒரு பேப்பரப் போட்டு வெச்சிருந்தாங்க." வேறு யாருடைய கதையையோ சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள், முன்னால் பார்த்ததைவிடப் பெரிய கண்ணால், முதல் தடவையாக அதன் அளவு தெரிகிற மாதிரி. "கட்டிலு, கூரை, தூக்கம், கூப்புடற தூரத்துல புள்ள. குடுத்து வெச்ச மனுசன். அந்தக் குடுப்பினையில ஒரு துளி என்ற புள்ளைக்கு ஒட்டட்டுமேக்கா, என்ன இப்ப?" இது தங்கப்பொண்ணுவுக்கு.  வெண்ணிலாக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரெண்டு கையையும் நீட்டினாள். மௌனிகா அதில் குடையை வைத்தாள், விசிறியை வைத்தாள், செருப்பை வைத்தாள். வைக்கிறபோது தன் கட்டைவிரலும் செருப்பின் வாரைத் தடவுவதைப் பார்த்தாள். காலையில் பார்த்த அதே தடவல், இவ்வளவு தூரம் வந்து தன் கையில் ஏறியிருந்தது.

"அவரு பேரென்ன?"

மௌனிகாவுக்குத் தெரியாது. "பேரு தெரியாம எப்படிப் புள்ள வாங்கறது? ஆரு குடுத்ததுன்னு அவருக்குத் தெரியும், ஆருதுன்னு எனக்குத் தெரியோணுமில்ல?" சட்டம் எல்லாம் போச்சு, ரெஜினாக்கா வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும். காலையில் பிரபாவதி கூப்பிட்ட நம்பரைத் தேடிப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஒரு ரிங் முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி. "நான்தானுங்க, காலைல கட்டிலெடுக்க வந்த புள்ள. அப்பா பேரு கேக்கறாங்க." அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்புறம், "ஆறுச்சாமி." வெண்ணிலாக்கா போன் பக்கம் குனிந்து, தூரத்தில் இருக்கிறவரோடு பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னாள்: "அக்கா, ஆறுச்சாமி அய்யா கட்டிலு, குடை, செருப்பு, விசிறி எல்லாம் நான் வாங்கிக்கிட்டனுங்க. தெரிஞ்சேதான் வாங்கறேன். அவரை நல்லபடியா நடக்கச் சொல்லுங்க."   தங்கப்பொண்ணு வாசலிலிருந்து ஒரு எட்டு உள்ளே வந்திருந்தாள். பிறகு அந்த டீச்சர் குரல், மூக்கடைத்து, சம்பந்தமே இல்லாமல், "புதுச் செருப்பும்மா அது. கடிக்கும்" என்றது. "வாங்கறப்ப எனக்கு அது தோணவேயில்ல. கடிச்சுப் புண்ணாயிருச்சுன்னா..."

"அவ்ளோதானுங்களா? இருங்க" என்றாள் வெண்ணிலாக்கா. ஜன்னல் திட்டில் சீப்புக்குப் பக்கத்தில் தேங்காயெண்ணெய்ப் புட்டி இருந்தது. மௌனிகா எடுத்துக் கொடுத்தாள். கட்டிலில் நன்றாகத் தள்ளி உட்கார்ந்து, வயிற்றுக்கு மேலேயே ஒரு செருப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு, விரலில் எண்ணெயைத் தொட்டு, பெருவிரல் நுழைகிற வளையத்தில் உள்பக்கமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். விறைத்த தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து மசிந்தது. குதிகால் படுகிற இடம், சுண்டுவிரல் உரசுகிற ஓரம், ஒன்றையும் விடவில்லை. அவசரமே படவில்லை. போன் இன்னும் துண்டிக்கப்படாமல் கட்டில் பலகைமேல் கிடந்தது, அதற்குள் ஒரு ஆள் மூச்சு விடுவது கேட்டது, அந்த ஆள் இந்தத் தேய்ப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தது. இவ்வளவு சின்ன அறை, பத்துக்குப் பத்து, இதற்குள் எப்படி இத்தனை பேர் இருக்கிறோம் என்று மௌனிகா மலைத்துப்போய் நின்றாள். கீழே ஜாபர் அண்ணா ஹாரன் அடித்தார். "சும்மா நிக்கறதுக்கு உக்காரு புள்ள" என்றாள் வெண்ணிலாக்கா, தலையைத் தூக்காமல். "எடது கால் செருப்பு இருக்குது பாரு." மௌனிகா கட்டிலில் உட்கார்ந்தாள். இடது கால் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய்க்கு உள்ளங்கையை நீட்டினாள். மறுபடியும் ஹாரன். அடிக்கட்டும்.